சருகுத்தரையின் பாடகன்

ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, பினாங்குத் தீவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டி அமைந்துள்ள வட்டாரம் கெலுகோர். சமையலுக்குப் புளிப்புச் சுவை தரும் அசாம் கெலுகோர் மரத்தின் பெயரே இவ்வூருக்கு அமைந்தது என்பர். மரத்தின் பெயரைத் தாங்கிய இவ்வூரில் இன்று அடுக்குமாடி வீடுகளும் அகன்ற சாலைகளும் நிறைந்துள்ளன. எனினும், விடியற்காலையில் இங்குப் பறவைகளின் குரல் ஓய்ந்துவிடவில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தின் மரங்களிலும் வீட்டு வேலிகளிலும் மின்கம்பிகளிலும் அமர்ந்து கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று பாடும். வாலை நிமிர்த்தித் துள்ளும் அப்பறவையே குண்டுக்கரிச்சான். மலாய்மொழியில் அதனை முராய் கம்போங் என்பர்.

கெலுகோருக்கு மேற்கே, தீவின் நடுவில் காடு போர்த்திய மலைத்தொடர் எழுகின்றது. அத்தொடரில்தான் பினாங்குத் தமிழர்கள் கொடிமலை என்றழைக்கும் மலையும் உள்ளது. அதன் மிக உயர்ந்த பகுதி கடல்மட்டத்திலிருந்து 833 மீட்டர் உயரமுடையது. இத்தகைய மலைச்சரிவுக் காடுகளுக்கு உரிய பாடகன் குண்டுக்கரிச்சானின் நெருங்கிய உறவினன். அதன் தமிழ்ப்பெயர் சோலைபாடி. மலாய்ப்பெயர் முராய் பத்து.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் பூச்சிகளை உண்பவை. இரண்டும் இனிமையாகப் பாடுபவை. அவ்வாறிருக்க, ஒன்று மனிதர்களின் முற்றம்வரை வந்துவிட்டது. மற்றொன்றோ காட்டின் நிழலை விட்டு எளிதில் வெளிவருவதில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? சோலைபாடி எங்கே வாழ்கின்றது, எதனை உண்கின்றது, எவ்வாறு உண்கின்றது என்பவற்றை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

தோற்றம்

ஆண் சோலைபாடியின் தலை, மார்பு, முதுகு ஆகியவை பளபளக்கும் கருநிறத்தில் இருக்கும். வயிறு செங்கபில நிறமுடையது. வால் நீண்டு, படிப்படியாகக் குறுகும். முதுகின் பின்பகுதியும் வாலின் ஓர இறகுகளும் தூய வெண்மையானவை. பெண்பறவையின் உடலில் கருநிறத்திற்குப் பதிலாகச் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் காணப்படும். அதன் வாலும் குட்டையானது. வாலையும் சேர்த்து அளந்தால் இப்பறவை 23 முதல் 28 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடையோ ஏறத்தாழ 30 கிராம்தான். அதாவது, கையில் வைத்தாலும் பாரம் தெரியாது.

காட்டின் அடிப்பகுதியில் வெளிச்சம் மிகக் குறைவு. அவ்விடத்தில் கருநிற உடல் நிழலோடு கலந்துவிடும். பறவை ஒரு கொம்பிலிருந்து மறுகொம்பிற்குப் பறக்கும்போது மட்டும் அதன் வெள்ளைப் பகுதி ஒரு நொடி மின்னி மறையும். ஆகவே, காட்டில் நடப்பவர்கள் சோலைபாடியைக் கண்ணால் காண்பதைவிடக் காதால் கேட்பதே அதிகம்.

இருப்பிடம்

சோலைபாடி மலேசியாவிற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, மியன்மார், தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமத்திரா, போர்னியோ எனப் பரந்த நிலப்பகுதியில் இது வாழ்கின்றது. இதன் அறிவியல் பெயரான கோப்சைக்கஸ் மலபாரிக்கஸ் என்பதில் மலபார் என்னும் தென்னிந்தியக் கடற்கரைப் பகுதியின் பெயர் இடம்பெற்றுள்ளது. நாடுகள் பலவாயினும் இப்பறவை தேடும் இடம் ஒன்றே. தாழ்நிலக் காடுகளிலும் குன்றுகளின் சரிவுகளிலும் உள்ள அடர்ந்த அடிக்காடுதான் அது.

வெப்பமண்டல மழைக்காடு பல அடுக்குகளைக் கொண்டது. உச்சியில் மெரந்தி போன்ற பெருமரங்கள் குடை விரித்திருக்கும். பினாங்கு மலைகளில் காணப்படும் செராயா மரமும் அவற்றுள் ஒன்று. பினாங்குத் தாவரவியல் பூங்கா 1884ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் கண்காணிப்பாளராக இருந்தவர் சார்லஸ் கர்ட்டிஸ். அவருடைய பெயரையே செராயா மரம் தன் அறிவியல் பெயரில் தாங்கியுள்ளது. தைப்பூசத்தின்போது பக்தர்கள் திரளும் தண்ணீர்மலைக்கு அருகில்தான் அப்பூங்கா உள்ளது.

பெருமரங்களின் குடைக்குக் கீழே நடுத்தர மரங்கள் ஓர் அடுக்காக அமைந்திருக்கும். அதற்கும் கீழே இளங்கன்றுகள், பிரம்பு, மூங்கில், பெரணி, கொடிகள் ஆகியவை பின்னிக்கிடக்கும். இதுவே அடிக்காடு எனப்படும். எல்லாவற்றிற்கும் அடியில் உதிர்ந்த இலைகள் மெத்தைபோல் பரவிய காட்டுத்தரை இருக்கும்.

சோலைபாடியின் வாழ்க்கை பெரும்பாலும் கடைசி இரண்டு அடுக்குகளிலேயே நடைபெறுகின்றது. வானளாவிய மரங்களின் உச்சியில் இருவாசிப் பறவைகள் பழம் தின்னும். நடு அடுக்கில் குக்குறுவான்கள் பொந்து குடையும். சோலைபாடியோ தரைக்குச் சற்று மேலே, தாழ்ந்த கொம்புகளில் தங்கும். ஒரே காட்டில் வாழ்ந்தாலும் இப்பறவைகள் ஒன்றையொன்று நெருக்குவதில்லை. பல மாடிகளைக் கொண்ட வீட்டில் வெவ்வேறு குடும்பங்கள் வாழ்வதைப்போல் அவை காட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

உணவும் வேட்டையும்

சோலைபாடியின் அலகு மெல்லியது. விதைகளை உடைக்கவோ கடினமான பழங்களைக் கிழிக்கவோ அது உதவாது. ஆனால், சிறு பூச்சிகளைக் கவ்வுவதற்கு மிகவும் ஏற்றது. வண்டு, வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, எறும்பு, கறையான், சிலந்தி, மண்புழு ஆகியவை இதன் முதன்மையான உணவாகும். சில வேளைகளில் சிறு பழங்களையும் உண்ணும்.

இது வேட்டையாடும் முறை எளிமையானது. முதலில் தாழ்வான கொம்பொன்றில் அசையாமல் அமர்ந்து தரையைக் கூர்ந்து நோக்கும். சருகுகளுக்கிடையே ஏதேனும் அசைந்தால் உடனே கீழே பாய்ந்து கவ்வும். பிறகு, மீண்டும் கொம்பிற்குத் திரும்பும். சில வேளைகளில் தரையிலேயே துள்ளித் துள்ளிச் சென்று இரை தேடும். மழைக்குப்பின் ஈசல்கள் கிளம்பும்போது அவற்றைப் பறந்தும் பிடிக்கும். விடியற்காலையிலும் அந்திவேளையிலும் இது சுறுசுறுப்பாக இயங்கும். மற்றப் பறவைகள் அடங்கிய பிறகும் இதன் குரலை மங்கிய ஒளியில் கேட்கலாம்.

இவ்வேட்டை முறைக்கு மூன்று தேவைகள் உள்ளன. முதலாவது, அமர்வதற்குத் தாழ்ந்த கொம்பு. இரண்டாவது, பதுங்குவதற்கு அடர்ந்த புதர். மூன்றாவது, இரை நிறைந்த சருகுத்தரை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சோலைபாடிக்கு அவ்விடம் ஏற்றதாகாது. உயர்ந்த மரங்கள் மட்டும் நிற்க, அவற்றின் அடியில் புல் வெட்டப்பட்டுச் சருகு கூட்டப்பட்ட பூங்கா நமக்கு அழகாகத் தோன்றலாம். சோலைபாடியின் கண்ணுக்கோ அது உணவில்லாத வெற்றுத்தரை.

சருகு என்றதும் பலருக்குக் குப்பை என்ற எண்ணமே எழும். உண்மையில் அது காட்டின் உணவுக்கூடம். நம் நாட்டுக் காடுகளில் இலையுதிர்காலம் என்று தனியே ஒன்றில்லை; ஆண்டு முழுவதும் இலைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். வெப்பமும் ஈரமும் நிறைந்திருப்பதால் அவை விரைவில் மக்கும். பூஞ்சைகளும் கறையான்களும் அவ்விலைகளைச் சிதைத்து மண்ணோடு சேர்க்கின்றன. மக்கும் இலைகளை நம்பிப் பூச்சிகள் பெருகுகின்றன. பூச்சிகளை நம்பிச் சிலந்திகள் வாழ்கின்றன. இவை அனைத்தையும் நம்பிச் சோலைபாடி வாழ்கின்றது. மேலிருந்து விழும் ஓர் இலை இவ்வாறு படிப்படியாகக் கீழே ஒரு பாட்டாக மாறுகின்றது எனலாம்.

குண்டுக்கரிச்சானுக்கும் பூச்சிகளே உணவு. ஆனால், அது திறந்தவெளியில் இரை தேடத் தயங்குவதில்லை. புல்தரை, கம்பத்து வீட்டு முற்றம், கால்வாய் ஓரம், சதுப்புநிலக் கரை எனப் பலவிடங்களில் அது துள்ளித் திரியும். சிறு பல்லியையும் பூவின் தேனையும்கூட விட்டுவைக்காது. இருப்பிடத்திலும் உணவிலும் விட்டுக்கொடுக்கும் இயல்பே அதனைக் கெலுகோரின் குடியிருப்புகள்வரை கொண்டுவந்து சேர்த்துள்ளது. நிழலையும் புதரையும் விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்போ சோலைபாடியைக் காட்டிலேயே நிறுத்தியுள்ளது.

குரலும் எல்லையும்

சோலைபாடியின் பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. ஆண்பறவை தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். அவ்வெல்லைக்குள் இருக்கும் இரையும் கூடும் தன் குடும்பத்திற்கே உரியவை என்பதைப் பிற ஆண்பறவைகளுக்கு அறிவிக்கவே அது பாடுகின்றது. புதர் மண்டிய இடத்தில் வேலியைக் கண்ணால் காண இயலாது. ஆதலால், குரலே வேலியாகின்றது. துணையைக் கவர்வதும் அக்குரலால்தான். பிற பறவைகளின் ஒலிகளையும் கேட்டுப் பழகித் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் திறமை இதற்கு உண்டு. ஆபத்தை உணர்ந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, ‘டெக், டெக்’ எனக் கடுமையாக ஒலியெழுப்பும். மலாய்மொழியில் ஓயாமல் பேசுபவரை ‘மூலுட் முராய்’ என்று குறிப்பிடுவதற்கு இப்பறவை இனத்தின் ஓயாத குரலே காரணம்.

கூடு கட்டுவது பெண்பறவையின் பணி. மரப்பொந்திலோ உடைந்த மூங்கிலிலோ காய்ந்த இலைகளையும் மெல்லிய வேர்களையும் கொண்டு அது கூடமைக்கும். வழக்கமாக 4 அல்லது 5 முட்டைகள் இடும். 12 முதல் 15 நாள்கள் பெண்பறவை அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்தபின் தாயும் தந்தையும் சேர்ந்தே இரையூட்டும். விரைவாக வளரும் குஞ்சுகளுக்குப் புரதம் நிறைந்த புழுபூச்சிகள் இடைவிடாமல் தேவைப்படும். அவ்வேளையில் தாய்தந்தையர் தம் எல்லைக்குள் உள்ள சருகுத்தரையைப் பெரிதும் நம்பியிருக்கும்.

குரலே பகையானது

சோலைபாடியின் சிறப்பும் குரல்தான். அதற்கு வந்த துன்பத்திற்குக் காரணமும் குரல்தான். மனிதன் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்ததாக அறியப்படும் பறவைக்குரல் சோலைபாடி ஒன்றின் குரலே. 1889ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் கோச் என்னும் 8 வயதுச் சிறுவன், எடிசன் மெழுகு உருளைக் கருவியில் அதனைப் பதிவு செய்தான். அவன் பின்னாளில் இங்கிலாந்தில் பறவைக்குரல் பதிவில் புகழ்பெற்ற வல்லுநரானான். ஆசியக் காட்டுக்குரிய அப்பறவை அன்று ஐரோப்பாவில் இருந்தது கூண்டிற்குள்தான். இதன் குரலைக் கேட்க மனிதர்கள் எவ்வளவு காலமாக இதனைக் கூண்டில் அடைத்து வருகின்றனர் என்பதற்கு இச்செய்தி ஒரு சான்று.

தென்கிழக்காசியாவில் பாடும் பறவைகளை வளர்ப்பது நெடுங்காலப் பழக்கம். இந்தோனேசியாவில் பறவைப் பாட்டுப்போட்டிகள் பெரிய அளவில் நடைபெறுகின்றன. போட்டியில் வெல்லும் சோலைபாடிக்கு மிக உயர்ந்த விலை கிடைக்கும். அதனால், காட்டில் வலை விரித்துப் பிடிப்பவர்கள் பெருகினர். ஜாவாவின் காடுகளில் இப்பறவை அரிதானபின், அவர்களின் பார்வை மலேசியக் காடுகளின் பக்கம் திரும்பியது. இங்கிருந்து கடத்தப்படும் சோலைபாடிகள் எல்லைகளில் பிடிபடுவதுண்டு. இறுக்கமான பெட்டிகளில் அடைக்கப்படும் பறவைகளுள் பல வழியிலேயே இறந்துவிடுகின்றன.

கூண்டில் சோலைபாடியை வளர்ப்பவர்கள் அதற்கு வெட்டுக்கிளி, சுவர்க்கோழிப் பூச்சி, முசுறு எறும்பின் புழு முதலியவற்றைத் தேடித் தருகின்றனர். இல்லையேல் பறவை சோர்ந்துவிடும், பாடாது. காட்டுத்தரை விலையின்றி வழங்கும் உணவைக் கடையில் வாங்கிக் கூண்டிற்குள் வைக்க வேண்டியுள்ளது. ஆயினும், அந்தக் கூண்டிற்குள் எல்லையில்லை, துணையில்லை, குஞ்சுகளும் இல்லை. காட்டிலிருந்து ஓர் ஆண்பறவை பிடிக்கப்பட்டால், ஒரு குரல் மட்டும் குறைவதில்லை. அங்கு ஒரு கூட்டிற்கு இரை கொண்டுவரும் தந்தையும் இல்லாமல் போகின்றது.

இந்நிலை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு இன்னொரு பறவை எச்சரிக்கையாக உள்ளது. மலாய்மொழியில் பாராவ்-பாராவ் எனப்படும் வைக்கோல்நிறத் தலையுடைய கொண்டைக்குருவி, ஒரு காலத்தில் இவ்வட்டார ஆற்றங்கரைகளில் பரவலாகப் பாடியது. குரலுக்காக அதனையும் பிடித்தனர். இன்று அது தன் பழைய இருப்பிடங்கள் பலவற்றிலிருந்து மறைந்துவிட்டது. 2018ஆம் ஆண்டு முதல் அது மிக மோசமாக அழியும் நிலையில் உள்ள இனமாக அனைத்துலகப் பட்டியலில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. சோலைபாடி இன்னும் அந்நிலைக்கு வரவில்லை. ஆயினும், அதன் எண்ணிக்கை குறைந்து வருகின்றது.

காக்கும் முயற்சிகள்

மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சோலைபாடி பாதுகாக்கப்பட்ட பறவையாகும். உரிமம் இன்றி இதனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை தீபகற்ப மலேசியாவில் இச்சட்டத்தைச் செயற்படுத்துகின்றது.

ஆனால், பறவை எல்லை கடந்து கடத்தப்படும்போது ஒரு நாட்டின் சட்டம் மட்டும் போதாது. ஆகவே, 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பனாமாவில் நடைபெற்ற ‘சைட்டஸ்’ மாநாட்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து ஒரு கோரிக்கையை முன்வைத்தன. அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாடே சைட்டஸ். அம்மாநாட்டில் சோலைபாடி அவ்வுடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதன்படி, காட்டிலுள்ள பறவைகளுக்குத் தீங்கு நேராது என்பதை உறுதிசெய்து வழங்கப்படும் அனுமதியின்றி இதனை நாடு விட்டு நாடு விற்க இயலாது. அதே மாநாட்டில் பாராவ்-பாராவ், வாணிபத்திற்குக் கடுமையான தடையுள்ள முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

பறவையைக் காப்பதோடு அதன் இருப்பிடத்தையும் காக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் யுனெஸ்கோ நிறுவனம் கொடிமலை வட்டாரத்தை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் இத்தகுதியைப் பெற்ற மூன்றாவது இடம் இதுவாகும். 12,481 ஹெக்டர் பரப்புள்ள இக்காப்பகத்தில் மலைக்காடு, தாவரவியல் பூங்கா, தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்குத் தேசியப் பூங்கா, கடற்பகுதி ஆகியவை அடங்கும்.

கடல் கடந்த பாடகன்

சோலைபாடியின் தேவையை விளக்கும் வியப்பான நிகழ்வு ஒன்று வெகு தொலைவில் நடந்துள்ளது. 1931ஆம் ஆண்டில் மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட சில சோலைபாடிகள் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாயின் காவாய் தீவில் விடப்பட்டன. 1940ஆம் ஆண்டில் ஒவாஹு தீவிலும் இப்பறவைகள் விடப்பட்டன. மலேசிய மழைக்காட்டின் பெருமரங்கள் அங்கு இல்லை. ஆயினும், பசுமையான பள்ளத்தாக்குகளில் புதரும் நிழலும் சருகும் இருந்தன. வலை விரிப்பவர்களின் தொல்லையும் இல்லை. இன்றும் அவற்றின் வழித்தோன்றல்கள் அங்குப் பாடுகின்றன.

ஒரு பறவையை அதற்குரியதல்லாத நாட்டில் விடுவது நற்செயலன்று. தைவானில் பரவிய சோலைபாடிகள் அங்குள்ள உள்ளூர் உயிரினங்களுக்கு இடையூறாக உள்ளன. ஆயினும், ஹவாய் நமக்கு ஓர் உண்மையைக் காட்டுகின்றது. மரத்தின் உயரத்தைவிட மரத்தடியின் நிலையே இப்பறவையின் வாழ்வைத் தீர்மானிக்கின்றது. மரத்தை வெட்டாமல் அடிக்காட்டை மட்டும் அழித்தாலும் சோலைபாடிக்கு அது காட்டை அழித்ததற்கு ஒப்பானதே.

மாணவர்கள் செய்யக்கூடியவை

மலையேறும்போது பாதையை விட்டு விலகிப் புதர்களை மிதிக்காமல் நடப்பது, காட்டில் பிடிக்கப்பட்ட பறவையை வாங்க நினைப்பவரைத் தடுப்பது, வலை விரித்திருப்பதைக் கண்டால் பெரியவர்கள் வழி பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிப்பது ஆகியவை மாணவர்களால் இயன்ற செயல்களே. வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கால்வாயிலும் கூரை விளிம்பிலும் சேரும் சருகு நீரைத் தேக்கி ஏடிஸ் கொசுவை வளர்க்கும். ஆதலால், அதனை அகற்றவே வேண்டும். ஆனால், மரத்தடி மண்ணில் பரவிக்கிடக்கும் சருகை முழுவதும் கூட்டி எரிக்க வேண்டியதில்லை. தோட்டத்தின் ஒரு மூலையில் அதனை மக்கவிட்டு, அருகில் சில செடிகளை அடர்ந்து வளரவிடலாம்.

அவ்வாறு செய்வதால் சோலைபாடி மலையை விட்டுக் கெலுகோருக்கு வந்துவிடாது. ஆனால், வேலியில் பாடும் குண்டுக்கரிச்சானுக்கு அங்கு இரை கிடைக்கும். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட அப்பறவையும், பிடிக்கப்பட்டதாலும் வாழிடம் மாறியதாலும் 1970ஆம் ஆண்டுகளில் அரிதாகிப்போனது. பின்னர், அதனை முயன்று மீட்க வேண்டியதாயிற்று. முற்றத்தில் பாடுகின்றது என்பதற்காக ஒரு பறவை என்றும் நம்முடன் இருக்கும் எனக் கருதிவிட இயலாது. மலைக்காட்டின் பாடகனுக்கும் வீட்டு வேலியின் பாடகனுக்கும் தேவைப்படுவது ஒன்றே: இரை தரும் தரையும் வலையில்லாத கொம்பும்.